மகதி என்றால் 269

கை எட்டுகிற தூரத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோ, சோப்போ, டூத் பேஸ்ட்டோ இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கறுப்புக் கோடுகள். அவற்றின் காலடியில் பதின்மூன்று இலக்கங்கள். அநேகமாக 890 என்று ஆரம்பிக்கும். வருஷக்கணக்காக நம் வீட்டுக்குள் வந்து, குப்பைக்கூடை வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிற எண். நாம் ஒரு நாளும் படித்ததில்லை.

படித்தாலும் ஒன்றும் புரியாது. அதுதான் அதன் அழகு.

'890 என்றால் இந்தியச் சரக்கு, 690 என்றால் சீனச் சரக்கு, பார்த்து வாங்குங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். உங்களுக்கும் வந்திருக்கும். நம்பாதீர்கள். 890 என்றால், இந்த எண்களை வழங்குகிற 'ஜி.எஸ்.1 இந்தியா' என்ற அமைப்பில் அந்தக் கம்பெனி பதிவு செய்திருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். பொருள் எங்கே தயாரானது என்று அந்த எண் சொல்லாது. விலை சொல்லாது. ருசி சத்தியமாகச் சொல்லாது.

பின்னே எதற்கு அது? எண் என்பது ஒரு விரல், சார். எங்கோ இருக்கிற ஒரு பதிவேட்டில் ஒரு வரியைச் சுட்டிக்காட்டுகிற விரல். பேசுவதெல்லாம் அந்த வரிதான்.

அந்த விரல் தப்பான வரியைக் காட்டிவிடக் கூடாது என்பதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. 8901234567890 என்று ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டினால் 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறது? பூஜ்யம். அதுதான் கடைசி இலக்கம். நடுவில் இருக்கிற 5-ஐ 6 என்று யாராவது தட்டிவிட்டால் கூட்டுத்தொகை 133 ஆகிவிடும். கடைசி இலக்கம் 7 என்று வரவேண்டும். வரவில்லையே என்று மெஷின் முறைக்கும். உங்கள் வீட்டு சோப்பை வைத்துப் போட்டுப் பாருங்கள். கணக்கு சரியாக வரும்போது ஒரு சின்ன சந்தோஷம் உத்தரவாதம்.

இந்தக் கோடுகளின் பூர்வீகம் கடற்கரை மணல். 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் மயாமி கடற்கரையில் உட்கார்ந்திருந்த நார்மன் ஜோசப் உட்லண்ட் என்ற இளைஞர், சிறுவயதில் சாரணர் படையில் கற்ற மோர்ஸ் தந்தியின் புள்ளிகளையும் கோடுகளையும் மணலில் விரலால் இழுத்து நீட்டிப் பார்த்தார். நண்பர் பெர்னார்ட் சில்வரோடு சேர்ந்து அதற்கு அவர் வாங்கிய காப்புரிமையின் தேதி 7 அக்டோபர் 1952. கடையில் நிஜமாகவே ஒரு பொருள் அப்படி 'பீப்' அடித்தது 26 ஜூன் 1974 அன்று. ஒஹையோ மாநிலம், டிராய் நகரம், மார்ஷ் சூப்பர் மார்க்கெட், ஒரு பாக்கெட் ரிக்லி சூயிங்கம். மணலில் கோடு போட்டவர் 'பீப்' கேட்க ஏறக்குறைய கால் நூற்றாண்டு காத்திருந்தார்.

சரி, சூயிங்கத்துக்குக் கம்பெனிக்காரன் கோடு போட்டுக் கொடுத்துவிடுவான். எடை போட்டு விற்கிற ஆணிக்கு? சாக்கில் வந்து இறங்குகிற பைப் எல்போவுக்கு? அதற்கெல்லாம் எண் வைக்கவேண்டியது கடைக்காரர்தான். இது எவ்வளவு பெரிய சமாசாரம் என்று நான் தெரிந்துகொண்டது ஆமத்தூரில்.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற சாலையில் இருக்கிறது ஆமத்தூர். சுற்றிலும் கரிசல் காடு, தீப்பெட்டி ஆபீஸ்கள், பட்டாசு ஆலைகள். அங்கே என் பெரியப்பா மகன் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பைப், ஆணி, பெயின்ட், மோட்டார் சாமான், கயிறு, தாழ்ப்பாள் என்று ஒரு வீட்டைக் கட்டவும் ஒரு கிணற்றை இறைக்கவும் தேவையான அத்தனையும் அதற்குள் உண்டு. ஊருக்கே அவர் அண்ணாச்சி. எனக்கு நிஜமாகவே அண்ணன்.

கடையில் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, எவ்வளவுக்கு வாங்கியது, எவ்வளவுக்கு விற்கலாம் எல்லாம் அண்ணனுக்கு மனப்பாடம். "அண்ணாச்சி, அந்த வளைஞ்ச சாமான், நடுவுல நரம்பு மாதிரி இருக்குமே" என்று கொத்தனார் சொல்லி முடிப்பதற்குள் சாமான் மேஜை மேல் இருக்கும். முப்பது வருஷம் அப்படித்தான் ஓடியது.

2018-ல் ஒரு விடியற்காலை அவருக்குப் பக்கவாதம். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் பிழைத்தார். வலது கை போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. நாம் பேசுவது புரிகிறது. பதில் வாயில் வரவில்லை. 'தண்ணி' என்று சொல்ல நினைத்தால் வேறு ஏதோ சத்தம் வருகிறது. சிந்தனை இருக்கிறது, சொல் இல்லை.

கடையைத் திறந்தாகவேண்டும். பிள்ளைகள் படிக்கிறார்கள். கொள்முதல் பாக்கி இருக்கிறது. அதுவரை கடைக்குச் சாப்பாடு கொண்டுபோகிற அளவுக்கு மட்டுமே கடையைத் தெரிந்த மதினி கல்லாவில் உட்கார்ந்தார். துணைக்குப் பத்தொன்பது வயசில் ஒரு கடைப் பையன். சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்தது.

"தம்பி, நீங்க பி.காம். படிச்சவுக. ஒரு பத்து நாள் லீவு போட்டுட்டு வாங்க" என்று மதினி போனில் சொன்னார். போனேன்.

முதல் நாள் கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். இரண்டு பைப்பை இணைக்கிற ஒரு சின்னத் துண்டு. அதை பிளம்பர் 'கப்ளிங்' என்றார். விவசாயி 'ஜாயிண்டு' என்றார். கம்பெனி பில்லில் 'சாக்கெட்' என்று இருந்தது. 'குழாய்' என்று கேட்டு வந்தவருக்குப் பையன் பைப்பை எடுத்தான். அவர் கேட்டது தண்ணீர் திறக்கிற திருகு. நம் ஊரில் இரண்டுமே குழாய்தானே!

அளவு இன்னும் கொடுமை. பி.வி.சி. பைப்பில் 25 எம்.எம். என்று அச்சடித்திருக்கும். ஸ்கேலை வைத்து அளந்தால் கிட்டத்தட்ட ஒரு இன்ச். ஆனால் கடையில் அதற்குப் பெயர் 'முக்கால்'. 32 எம்.எம். பைப்தான் 'ஒரு இன்ச்'. காரணம் இருக்கிறது: எம்.எம். என்று போடுவது வெளி விட்டம். இன்ச் என்று சொல்வது பழைய இரும்புக் குழாய்க் காலத்து உள்ளளவின் பெயர். அண்ணனுக்கு இது மூச்சு விடுவது மாதிரி. பையனுக்கு? ஒரே நாளில் மூன்று பேர் சாமானைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

அதைவிடப் பெரிய பூட்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு டப்பாவிலும் அண்ணன் ஸ்கெட்ச் பேனாவால் ஏதோ எழுதிவைத்திருந்தார். ஒன்றில் 'மதி'. இன்னொன்றில் 'கதி'. பித்தளை பால் வால்வு பெட்டியில் 'மகதி'. சிலதில் 'ஆதூவீ' என்று வாயில் நுழையாத வார்த்தை.

"யாருக்கோ எடுத்து வெச்ச சரக்குன்னு நெனச்சேன் தம்பி. மதி யாரு, மகதி யாருன்னு ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார் மதினி. சிரிக்கவேண்டிய நேரமில்லை. ஆனாலும் சிரித்துவிட்டோம்.

கடைத்தெருவில் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அடக்க விலையை எழுத்தில் மறைத்து எழுதுகிற பழக்கம் ஜவுளிக் கடைகளில் ரொம்ப காலமாக உண்டு. எழுத்து திரும்ப வராத ஒரு சொல்லை எடுத்துக்கொள்வார்கள். முதல் எழுத்து 1, இரண்டாவது 2, இப்படியே ஒன்பது வரை. பூஜ்யத்துக்கு ஒரு புள்ளியோ பெருக்கல் குறியோ. விற்பனையாளர் பேரம் பேசும்போது துணியின் ஓரத்துச் சீட்டைப் பார்த்தால் எவ்வளவு வரை இறங்கலாம் என்று தெரியும். எதிரில் நிற்கிற உங்களுக்குத் தெரியாது.

இப்படிச் சொல்லை மாற்றி மறைப்பது நமக்கு நேற்று வந்ததில்லை. நன்னூல் இதற்குக் 'குழூஉக்குறி' என்று பெயரே வைத்திருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்களாம், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்களாம். உரைகாரர்கள் உதாரணம் தருகிறார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதும் இதே ஜாதி. விருதுநகர் மார்க்கெட்டின் பருப்பு விலையும் எண்ணெய் விலையும் பத்திரிகையில் ஊரறிய வரும். அடக்க விலை மட்டும் கடைக்காரரின் நெஞ்சுக்குள் இருக்கும்.

இப்போது அந்த நெஞ்சுக்கு வாய் இல்லை.

பழைய கொள்முதல் பில்களைப் பரணிலிருந்து இறக்கினோம். பால் வால்வு 269 ரூபாய் என்று ஒரு பில். அப்படியானால் ம, க, தி மூன்றும் 2, 6, 9. இன்னொரு சாமான் 148 ரூபாய், டப்பாவில் 'ஆதூவீ'. ஆ 1, தூ 4, வீ 8. ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். ஆ, ம, அடுத்தது தெரியவில்லை, தூ...

மதினி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நம்ம ஊர்ப் பேரு இல்லையா தம்பி?" என்றார்.

ஆ-ம-த்-தூ-ர். ஐந்து எழுத்து. மிச்சம் நாலு? க-டை-வீ-தி. ஆமத்தூர் கடைவீதி. ஒன்பது எழுத்து. ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. முப்பது வருஷமாகக் கடை வாசலில் பலகையிலேயே இருந்த சாவி!

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மதினி உற்சாகமாக அண்ணனிடம் சொன்னார்: "மகதின்னா எரநூத்தி அறுபத்தொம்போது. கண்டுபிடிச்சுட்டோம்."

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நண்பர்களே, சரக்கு நிர்வாகம் பற்றிய எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்த இடம் வராது. ஒரு மனிதரின் முப்பது வருஷ ஞாபகத்தை நோட்டில் இறக்கிவைப்பது என்றால், 'இனிமேல் நீங்கள் இல்லாமலும் நடக்கும்' என்று அவரிடமே சொல்வது. பேச முடியாதவருக்கு மிச்சமிருந்த ஒரே மரியாதை அந்த ரகசியம்தான். அதையும் நாங்கள் உடைத்துவிட்டோம்.

மதினி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவர் செய்த ஏற்பாட்டுக்கு எந்த எம்.பி.ஏ.வும் ஈடாகாது. பகலில் கடையில் நாங்கள் பட்டியல் போடவேண்டும். ராத்திரி நோட்டை அண்ணன் கட்டிலுக்குக் கொண்டுபோகவேண்டும். ஒவ்வொரு சாமானையும் மாதிரிக்கு ஒன்று பையில் போட்டுப் போய், எடுத்துக் காட்டிக் கேட்கவேண்டும். அவர் தலையாட்டினால்தான் அந்த வரிக்கு எண். "அவுகளைக் கேக்காம ஒரு ஆணிக்குக்கூட நம்பர் போடக்கூடாது தம்பி" என்றார். முதல் இரண்டு ராத்திரி அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு நிப்பிளை 'அரை இன்ச்' என்று பையன் சொன்னபோது, பொறுக்க முடியாமல் இடது கையை வேகமாக ஆட்டினார். அது முக்கால்!

அன்றிலிருந்து வேலை ஓடியது.

எண் எப்படி வைப்பது? பி.காம்.மில் காஸ்ட் அக்கவுண்டன்சியில் 'சரக்குகளுக்குக் குறியீடு இடுதல்' என்று ஒரு பகுதி உண்டு. ஐந்து மார்க் கேள்வி. இரண்டு வழி சொல்லியிருப்பார்கள். ஒன்று, எண்ணுக்குள்ளேயே எல்லாத் தகவலையும் திணிப்பது: பொருள், வகை, அளவு, கம்பெனி. இன்னொன்று, வெறும் வரிசை எண். முதலாவது பார்க்க அறிவாளித்தனமாக இருக்கும். ஆனால் பதினான்கு எழுத்து நீளத்துக்குப் போய்விடும். கம்பெனி மாறினால் பொய்யாகிவிடும். இரண்டாவது ஒன்றும் சொல்லாது, அதனால் பொய்யும் சொல்லாது.

நாங்கள் நடுவாந்திரமாகப் போனோம். நாலு இலக்கம். முதல் இலக்கம் மட்டும் பிரிவு: 1 என்றால் பைப் சாமான், 2 ஆணி-போல்ட், 3 பெயின்ட், 4 எலெக்ட்ரிகல். மிச்சம் மூன்றும் சும்மா வரிசை. அதையும் பத்துப் பத்தாகத் தாண்டி வைத்தோம். 1010, 1020, 1030. நாளைக்குப் புது அளவு வந்தால் நடுவில் சொருக இடம் வேண்டுமே.

நீங்கள் ஒரு சின்னக் கடை வைத்திருப்பவர் என்றால், கீழே இருப்பதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

பூஜ்யத்தில் எண்ணை ஆரம்பிக்காதீர்கள். கம்ப்யூட்டரில் எக்ஸெல் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். எழுத்துகள் கலந்தால் ஆங்கில 'ஓ'வையும் 'ஐ'யையும் தவிருங்கள்; ஒன்று பூஜ்யமாகத் தெரியும், மற்றது ஒன்றாகத் தெரியும். எண்ணோடு அலகையும் எழுதுங்கள்: ஆணி கிலோவிலா, பெட்டியிலா? பைப் மீட்டரிலா, முழு நீளத்திலா? கையிருப்புக் கணக்கு பாதி இடத்தில் உதைப்பது இதனால்தான். ஒரு பொருளுக்கு ஒரே எண், ஒரு எண்ணுக்கு ஒரே பொருள். எல்லாவற்றுக்கும் மேல், விற்பனை நின்றுபோன பொருளின் எண்ணைப் புதுப் பொருளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பழைய பில்லை எடுத்துப் பார்க்கிற அன்றைக்கு பெயின்ட் டப்பா கதவுக் கொண்டியாக மாறியிருக்கும். பார்கோடு உலகத்திலேயே ஒரு காலத்தில் பழைய எண்களைச் சில வருஷம் கழித்து மறுபடி பயன்படுத்த அனுமதி இருந்தது. 2018 முடிவோடு ஜி.எஸ்.1 அதை நிறுத்திவிட்டது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "அதான் ஜி.எஸ்.டி.க்கு ஹெச்.எஸ்.என். நம்பர் இருக்கே, அதையே வெச்சுக்கலாமே அண்ணே?" என்று கடைப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் ஹெச்.எஸ்.என். என்பது அரசாங்கத்தின் கண். 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிற உலகளாவிய சுங்கப் பட்டியல். அதற்கு எல்போவும் ஒன்று, கப்ளிங்கும் ஒன்று, பைப்பும் ஒன்று. பிளாஸ்டிக் குழாயும் அதன் துணைப் பொருள்களும் என்றால் 3917, தீர்ந்தது. வரி போட அது போதும். எல்போ எத்தனை மிச்சம் என்று தெரிந்துகொள்ளப் போதாது.

வரி போடவே சில சமயம் போதாது. எங்கள் பக்கத்துத் தீப்பெட்டியையே பாருங்கள். ஹெச்.எஸ்.என். 3605. ஜி.எஸ்.டி. வந்தபோது கையால் செய்ததற்கு 5 சதவிகிதம், மெஷினில் செய்ததற்கு 18. ஒரே எண், இரண்டு வரி. கொஞ்சம் கையிலும் கொஞ்சம் மெஷினிலும் செய்தால் அது எந்தப் பெட்டி? 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் 12 என்று ஒன்றாக்கித்தான் அந்தச் சண்டையை முடித்தார்கள்.

ஆக மூன்று எண்கள், மூன்று எஜமானர்கள். பார்கோடு கம்பெனியுடையது. ஹெச்.எஸ்.என். சர்க்காருடையது. சரக்கு எண் மட்டும்தான் உங்களுடையது. அதை நீங்கள் வைக்காவிட்டால் வேறு யாரும் வைத்துத் தரமாட்டார்கள்.

பட்டியல் முடிய பத்து நாள் இருபது நாளானது. ஏகப்பட்ட வகை. அதில் பதினொரு வருஷமாக அசையாத இரும்புக் குழாய் சாமான் மட்டும் ஒரு அலமாரி. ஊரே பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகும் அது அங்கேயே இருட்டில் உட்கார்ந்திருந்தது. பழைய இரும்பு விலைக்குப் போட்டதில் ஒரு கொள்முதல் பாக்கி அடைந்தது. எண் வைத்ததால் பணம் வரவில்லை. இருந்த பணம் கண்ணுக்குத் தெரிந்தது.

படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி வந்தபோது சிவகாசியைத்தான் நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் போகிற தூரத்தில் பதில் இருக்கிறதே. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். பிறகு ஊர் ஊராகப் போன பெட்டிகளில் என்ன இருந்தது? அணில். காக்கா. எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் "காக்கா ஒண்ணு குடு" என்று கேட்டு வாங்கலாம். அந்த லேபிள் படம்தான் அந்தக் காலத்து ஸ்டாக் கோட். லேபிள் அடிக்கத்தானே சிவகாசியில் அச்சகங்கள் பெருகின.

இன்றைக்கும் சிவகாசிப் பட்டாசு விலைப்பட்டியலைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் வரிசை எண் உண்டு. போதாததற்குப் பட்டாசின் பெயரிலேயே எண் இருக்கும்: நூறு வாலா, ஆயிரம் வாலா. பட்டாசு லாரியிலும் கப்பலிலும் போகும்போது பெட்டியில் இன்னொரு எண் ஏறுகிறது. ஐ.நா. வகைப்பாட்டில் 0336 என்றால், வெடித்தாலும் பெட்டிக்கு வெளியே பெரிய ஆபத்தில்லாத வகைப் பட்டாசு. 0335 என்றால் பெருந்தீ ஆபத்துள்ள வகை. தமிழ் தெரியாத ஒரு துறைமுகத்தின் தீயணைப்பு வீரருக்கும் அந்த நாலு இலக்கம் போதும்.

2019 அக்டோபரில் பச்சைப் பட்டாசுகளை அறிமுகம் செய்தபோது, போலிகளைத் தடுக்கப் பெட்டியில் முத்திரையோடு க்யூ.ஆர். கோடும் சேர்த்தார்கள். 2025 தீபாவளிக்கு டெல்லி வட்டாரத்தில் பட்டாசை அனுமதித்த உச்ச நீதிமன்றம், க்யூ.ஆர். கோடு உள்ள பச்சைப் பட்டாசுகளை மட்டுமே விற்கலாம் என்று சொன்னது. கரிசல் மண்ணில் மருந்து அடைக்கிற ஒரு பெண்ணின் கூலி, இன்று ஒரு சதுரக் குறியைச் சரியாக ஒட்டுவதையும் நம்பியிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள், குறி என்பது இரண்டு வகை. ஒன்று மறைப்பதற்கு. 'மகதி' அந்த ரகம். இன்னொன்று திறப்பதற்கு. அணில் படமும் 0336-ம் அந்த ரகம்: எதுவுமே தெரியாத ஒருவர் வந்து நின்றாலும் வேலை நடக்கவேண்டும் என்பதற்காக வைத்தது. முதல் வகை உங்களைப் பெரியவராக்கும். இரண்டாவது வகை உங்கள் கடையைப் பெரியதாக்கும். இரண்டும் வேண்டும் என்பார்கள் வியாபாரிகள். நான் மறுக்கவில்லை. ஆனால் முதலாவது மட்டும் இருக்கிற இடம் கடையே அல்ல, ஒரு ஆள். ஆளுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் ஷட்டரை இறக்கவேண்டியதுதான்.

அணிலும் காக்காவும் கொடுத்த யோசனையில் கடைச் சுவரில் ஒரு பெரிய பிளைவுட் பலகை அடித்தோம். ஒவ்வொரு சாமானிலும் ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, கீழே எண். வருகிறவர் பெயர் சொல்லவேண்டாம், இன்ச் சொல்லவேண்டாம். தொட்டுக் காட்டினால் போதும். பையன் எண்ணைப் படிப்பான். மதினி நோட்டைப் பார்த்து விலை சொல்வார்.

வாடிக்கையாளர்களுக்காக அடித்த பலகை. அது வேறொருவருக்கும் உதவும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

எட்டு மாசம் கழித்து அண்ணனை ஆட்டோவில் கூட்டிவந்து கடையில் உட்காரவைத்தார்கள். ஒரு பிளம்பர் வந்து, மாடித் தொட்டியிலிருந்து சமையல்கட்டுக்கு லைன் இழுக்கிற கணக்கை அவர் பாட்டுக்குச் சொன்னார். பையன் திணறினான். அண்ணன் இடது கையில் கைத்தடியை எடுத்தார். பலகையில் ஒவ்வொன்றாகத் தட்டினார். 1070. 1120. 1240. 1070 மறுபடியும். பிளம்பர் ஒரு நிமிஷம் யோசித்தார். "ஆமா அண்ணாச்சி, ரிட்டர்னுக்கும் ஒரு எல்போ வேணும், மறந்துட்டேன்" என்றார்.

எட்டு மாசத்தில் அண்ணன் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

இப்போதும் காலையில் இரண்டு மணி நேரம் கடையில் இருக்கிறார். கொள்முதலை மதினிதான் பார்க்கிறார். புதுச் சரக்கு வந்தால் எண் போடுவதற்கு முன் அவரிடம் காட்டுகிற பழக்கம் மட்டும் மாறவில்லை. டப்பாக்களில் அடக்க விலை இன்னமும் எழுத்தில்தான் இருக்கிறது. சொல்லை மட்டும் மாற்றிவிட்டார்கள். (நான் இங்கே போட்டு உடைத்தது பழையது. ஆமத்தூரில் போய் பேரம் பேசிப் பார்க்காதீர்கள்.) புதுச் சொல் மதினிக்குத் தெரியும், கல்லூரிக்குப் போகிற மகளுக்குத் தெரியும், பீரோவுக்குள் ஒரு சீட்டிலும் இருக்கிறது.

உங்களுக்குக் கடை இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்களுக்கு மட்டுமே தெரிந்த சரக்கு வீட்டில் நிறைய இருக்கும். எல்.ஐ.சி. பாலிசி எந்த அலமாரியில், வங்கி லாக்கரின் சாவி எந்த டப்பாவில், யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள், அம்மாவின் மாத்திரையில் எது காலையில், எது ராத்திரியில். 'எல்லாம் எனக்குத் தெரியும்' என்பது பெருமைதான். இந்த வாரம் ஒரு நோட்டு வாங்கி, இடது ஓரத்தில் 1010, 1020, 1030 என்று எண் போட்டு எழுத ஆரம்பியுங்கள். நோட்டு எங்கே இருக்கிறது என்பதையும் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.